ஒரு வகுப்பு, ஒரு படக்கதைப் புத்தகம்: வண்ணத்தாள் கொலாஜுக்கு எந்தத் தாள், எந்த வண்ணம், எந்தப் பசை?

வகுப்பில் 36 பேர். ஆளுக்கொரு ஒட்டுப்படம் செய்து சுவரில் மாட்டுவதென்றால் எந்தத் தாளும் எந்தப் பசையும் போதும். அந்த 36 பேரும் சேர்ந்து ஒரே படக்கதைப் புத்தகம் செய்வதென்றால் அப்படி விட்டுவிட முடியாது. மூன்றாம் பக்கத்தில் வரும் காளையும் பதின்மூன்றாம் பக்கத்தில் வரும் காளையும் ஒன்றேதான் என்று படிக்கிற குழந்தை நம்ப வேண்டும். காய்ந்த படம் சுருங்காமல் ஸ்கேனர் கண்ணாடியில் படிய வேண்டும். அச்சில் நிறம் நிற்க வேண்டும். இங்கே ஒவ்வொரு பொருளையும் இந்த மூன்று தேவைகளை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துப் பள்ளிகளில் எளிதாகக் கிடைப்பவற்றையே எடுத்துக்கொண்டோம்.

வேலை இதுதான்: வெள்ளைத் தாளில் முதலில் வண்ணம் பூசிக் காயவைக்க வேண்டும், பிறகு அதை வெட்டி ஒட்டிப் படமாக்க வேண்டும். இதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் முதுமையில், உதவியாளர்கள் கோவாஷ் (அடியிலிருப்பது தெரியாத கெட்டி நீர்வண்ணம்) பூசிக்கொடுத்த தாள்களைக் கத்தரியால் வெட்டிப் படம் செய்தார். நம் கடைகளில் கிடைக்கும் போஸ்டர் கலர் அந்தக் கோவாஷுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கப் படக்கதை ஓவியர் எரிக் கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் அக்ரிலிக் பூசி வெட்டினார். வகுப்புக்கு எது ஒத்துவரும் என்பதைத் தாளிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

தாள்

டிஷ்யூ தாள் திருப்பூர்க்காரர்களுக்கு வீட்டுப்பொருள். சட்டை மடிப்புக்குள் வைத்து அனுப்பும் அந்த வெள்ளைத் தாள்தான். மஞ்சள் டிஷ்யூவின் மேல் நீல டிஷ்யூவை ஒட்டினால் கீழிருப்பது ஊடுருவித் தெரிந்து பச்சை பிறக்கும்; இந்த அழகு வேறு எந்தத் தாளிலும் வராது. பூசும்போது கீழே பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும். அக்ரிலிக்கும் தண்ணீரும் சம அளவு கலந்து, அகலமான மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஈரத்தின் மேல் மறுபடி பிரஷ்ஷை ஓட்டினால் தாள் திரண்டு உருண்டுவிடும். ஈரத்தோடு தூக்கினால் கிழியும். காய்ந்தபின் ஷீட்டிலிருந்து மெல்ல உரித்தால் முழுதாக வரும். ஒட்டும்போதும் பசையைத் துண்டில் தடவக் கூடாது. அட்டையில் தடவி அதன் மேல் துண்டை இட வேண்டும். ஆறாம் வகுப்பு விரல்களுக்கு இது கடினம், நேரமும் இரட்டிப்பாகும். பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களும் ஓவியக் கல்லூரியில் படிப்பவர்களும் தாராளமாக எடுக்கலாம்.

பனியன் கம்பெனிகளின் கட்டிங் பிரிவில் துணி அடுக்கின் மேல் விரிக்கும் மார்க்கர் பேப்பர் இன்னொன்று. வெட்டி முடிந்ததும் மிஞ்சும் நீளத் துண்டுகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் கோடு இருக்கும், மறுபக்கம் வெறுமை. பூசியதும் சுருளும், வெளிர்நிறம் பூசினால் கோடு தெரியும். ஒத்திகைக்கு இதைவிட நல்ல தாள் கிடையாது. புத்தகத்தில் ஏற்றும் தரம் இதற்கு இல்லை.

ஏ4 ஜெராக்ஸ் தாள் எங்கும் கிடைக்கிறது. கரூர் புகளூரில் உள்ள டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையைக் கூழாக்கித் தாள் செய்வது கொங்குப் பிள்ளைகள் பலருக்குத் தெரியும். சக்கையின் நார் குட்டையானது. 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) தாளைத் தண்ணீர் அதிகமுள்ள பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை தேய்த்தால் மேற்பரப்பு பஞ்சுபோல எழும்பிவிடுவது அதனால்தான். கெட்டி வண்ணம், ஒரே பூச்சு என்றால் தாங்கும். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை, கத்தரி இல்லாமல் கையால் கிழித்து ஒட்டுவதற்கு இதையே தருவோம். மெல்லிய தாள் என்பதால் சின்னக் கைக்கு இசைந்து கிழியும்.

சார்ட் தாளை நாங்கள் தேர்ந்தெடுக்க மாட்டோம். மேற்பரப்பு வழவழப்பானது என்பதால் போஸ்டர் கலர் உள்ளே இறங்காது. வெட்டும்போது வண்ணம் ஓரத்தில் செதில்செதிலாக உதிரும். கனமும் அதிகம். மூன்று அடுக்கு ஒட்டினால் ஓரங்கள் எழும்பி நின்று ஸ்கேனில் நிழல் விழுத்தும்.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எங்கள் தேர்வு 120 முதல் 140 ஜிஎஸ்எம் வரையுள்ள கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது ஓவியம் வரையும் கெட்டித் தாள். ஈரம் தாங்கும், சுத்தமாக வெட்டுப்படும், மூன்று அடுக்கு வரை தடிப்புத் தெரியாது. 22×30 அங்குல முழுத் தாளை நான்காக்கினால் 11×15 அங்குலத் துண்டுகள் நான்கு கிடைக்கும். ஆளுக்கு மூன்று துண்டு வீதம் 108 துண்டுகள். அதற்கு 27 முழுத் தாள் வேண்டும். இரண்டு மூன்று தாள் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

கடையில் விற்கும் வண்ணத் தாளை வைத்தே செய்துவிடலாமே என்றால் செய்யலாம். இரண்டு பீரியடில் முடிந்தும் விடும். ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரே நிறம், ஒரே தட்டை. கருவேல மரத்தின் பட்டையும் ஓட்டு வீட்டுச் சுவரும் ஒரே பழுப்பாகத்தான் நிற்கும். பக்க அமைப்பை முடிவு செய்யும் வரைவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

தனித்தனியாகப் பூசுவதா, பொதுக் குவியலா?

புத்தகத்தின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இந்த முடிவுதான். தாளையும் பசையையும்விட இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

தன் பக்கத்துக்கு வேண்டியதைத் தானே பூசிக்கொள்ளும்படி விட்டால் ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்ட பச்சையைப் பூசுவார்கள். புத்தகத்தில் பதினோரு வகைப் பச்சை வரும். மாணவர் தாளிலேயே மரம், வீடு, சூரியன் என்று படம் வரைந்துவிடவும் கூடும். வரைந்த பிறகு அதை வெட்ட மனம் வராது. பொதுக் குவியல் என்றால் எந்தத் தாள் எதுவாகப் போகிறது என்று தெரியாமலே பூசுகிறார்கள். தாளில் யார் பெயரும் எழுதுவதில்லை. காய்ந்ததும் எல்லாம் ஒரே பெட்டிக்குப் போகும். ஒரு பிள்ளை பூசிய செம்மண் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் மேடாகும், வேறொருவர் பக்கத்தில் ஓடாகும். பலர் கைபட்ட புத்தகம் ஒரே புத்தகமாகத் தெரிவதற்கு இதைவிட நம்பகமான வழி இல்லை.

கதை காங்கேயம் கன்று ஒன்றைப் பற்றியது என்று வைத்துக்கொள்வோம். ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறக் குடும்பம். மண் (செம்மண், கரிசல்), பச்சை, வானமும் நீரும், மஞ்சளும் ஆரஞ்சும், மாட்டுச் சாம்பல், பழுப்பு. ஒவ்வொரு குழுவும் நான்காக்கிய துண்டில் 18 தாள் பூசும்: ஆறு வெளிர், ஆறு நடுத்தரம், ஆறு அடர்த்தி. இந்தப் பிரிப்பைக் கட்டாயமாக்குங்கள். சொல்லாவிட்டால் எல்லாரும் நடுத்தரத்திலேயே பூசி, படத்தில் எதுவும் எதன் மேலும் எடுப்பாகத் தெரியாமல் போகும். சாம்பல் மட்டும் இருந்தால் போதாது, பழுப்பும் வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும்; வளர்ந்த காளைக்குத் திமிலும் முன்னுடலும் கருக்கும். மனிதர்களின் தோலுக்கும் அந்தப் பழுப்புக் குவியலில் குறைந்தது நான்கு வகை வேண்டும். ஒரே தோல் நிறத்தில் ஊரே இருப்பதில்லை.

பச்சையிலும் கவனம் தேவை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பின் பச்சை வேறு. தாராபுரம் பக்கத்துக் கொரங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) கிளுவை வேலியும் வெள்வேல மரமும் காட்டும் சாம்பல் கலந்த பச்சை வேறு. புட்டியில் வரும் பச்சையை நேரே பூசினால் இரண்டுமே வராது. மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாக்கி, கொரங்காட்டுக்கு அதில் கொஞ்சம் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து அடக்குங்கள்.

சொரசொரப்பு, கோடு, புள்ளி இவைதான் வண்ணத்தாளின் உயிர். ஈரத்தில் பழைய சீப்பை இழுத்தால் உழுத நிலம். தேங்காய் நார்க் கற்றையால் ஒற்றினால் மரப்பட்டை. பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டி ஒற்றினால் பின்னலின் வரி பதிந்து மாட்டு மயிருக்கு உதவும். அகலப் பிரஷ்ஷில் இரண்டு நிறம் தோய்த்து நேராக இழுத்தால் பவானி ஜமக்காளத்தின் பட்டை. ஆனால் 108 தாளிலும் இப்படி வேலைப்பாடு இருந்தால் கண்ணுக்கு ஓய்வே இருக்காது, முகம் எது மண் எது என்று பிரியாது. மூன்றில் ஒரு பங்குத் தாள் அமைதியான சாதாப் பூச்சாகவே இருக்கட்டும்.

வண்ணம்

போஸ்டர் கலர் பளபளக்காது, ஸ்கேனுக்கு நல்லது, கைகழுவினால் போய்விடும். குறை ஒன்றுதான்: காய்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரையும், விரல் பட்டால் சுண்ணாம்புபோல் ஒட்டும். ஒட்டும் நேரத்தில் பசை கசிந்தால் வெள்ளைத் துண்டில் சிவப்பு ஏறிவிடும். இதற்கு மாற்று எளிது. ஐந்து கரண்டி வண்ணத்துக்கு ஒரு கரண்டி வெள்ளை ஃபெவிக்கால், இரண்டு கரண்டி தண்ணீர். தோசை மாவுப் பதம் வரவேண்டும். காய்ந்தபின் கையில் ஒட்டாது. ஃபெவிக்காலை இதைவிடக் கூட்டினால் மினுமினுப்பு வந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் அடுக்கிவைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 10 முதல் 12 மில்லி கலவை செலவாகும். 108 துண்டுக்குச் சுமார் 1.2 லிட்டர், அதில் வண்ணம் ஏறக்குறைய முக்கால் லிட்டர். சிந்துவதையும் சேர்த்து ஒரு லிட்டர் வாங்கினால் போதும். அதில் வெள்ளை 400 மில்லியாவது இருக்கட்டும், எப்போதும் முதலில் தீர்வது அதுதான். கருப்பு 100 மில்லிக்கு மேல் வேண்டியதில்லை.

அக்ரிலிக் தண்ணீருக்கு அசையாது, அடுக்கடுக்காகப் பூசலாம், டிஷ்யூவுக்கு அதுதான் பொருத்தம். விலை கூடுதல். பிரஷ்ஷை உடனே கழுவாவிட்டால் அது போனது போனதுதான். நம் பக்கத்து உலர்ந்த வெயிலில் தட்டில் ஊற்றியது கண்முன்னே தோல் கட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். காய்ந்த தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைக்காமல் அடுக்கவே கூடாது. வில்லையாக வரும் கேக் வாட்டர்கலர் இந்த வேலைக்குச் சன்னமானது, விட்டுவிடலாம்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள்தூளையே வண்ணமாக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். சுண்ணாம்போ சோப்போ பட்டால் சிவக்கும். செம்மண் அப்படியல்ல. அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடு, வெயிலில் மங்காது. துணியில் நைசாகச் சலித்து, சம அளவு ஃபெவிக்காலும் பூச வரும் அளவுக்குத் தண்ணீரும் சேர்த்தால் எந்தப் புட்டியிலும் கிடைக்காத நிறம் வரும். சலிப்பில் சோம்பினால் மணல் பொடி கத்தரியின் கூர்மையைத் தின்னும்.

ஒரு பக்கம் பூசிய தாள் சுருளத்தான் செய்யும். முக்கால்வாசி காய்ந்ததும் பின்புறம் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து, முழுதாகக் காய்ந்ததும் ஓர் இரவு கனமான புத்தகங்களின் கீழ் வைத்தால் படியும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கொடியில் தொங்கும் தாள்களை ஒன்றோடொன்று அறையும். அந்த மாதங்களில் வகுப்பறைத் தரையில் பரப்பி, மூலைக்கொரு கல் வையுங்கள். ஐப்பசி மழையில் ஒரு பீரியடில் காயும் என்று எதிர்பார்க்காதீர்கள்; மறுநாள் வரை விட வேண்டியிருக்கும்.

பசை

மைதாப் பசை செலவில்லாதது. ஒரு பங்கு மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீரோடு சிறுதீயில் வெண்மை மங்கி வழவழப்பாகும் வரை கிண்டி, துணியில் வடிகட்ட வேண்டும். துண்டை இட்டபின் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுப்பது இதன் பெருமை. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். தாள் நனைந்து விரியும், காயும்போது சுருங்கும், அட்டையையும் இழுத்து வளைக்கும். கோடையில் மறுநாளே புளிக்கும். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பைண்டிங் பழக்கம் உண்டு. அது விஷம், பிள்ளைகள் கைவைக்கும் பசையில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. மூலப்படங்களைப் பல ஆண்டு வைத்திருக்க எண்ணினால் மைதா வேண்டாம்.

பசைக்குச்சி தாளைச் சுருக்காது, கைக்கு அழுக்கில்லை, சின்ன வகுப்புக்குப் போதும். ஆனால் கெட்டியாகப் பூசிய வண்ணத்தின் மேல் அடுத்த துண்டை ஒட்டும்போது அது வண்ணப் படலத்தை மட்டுமே பிடிக்கிறது. கரூர், ஈரோட்டு வெப்பத்தில் சில வாரங்களில் ஓரங்கள் எழும்பிவிடும். ஸ்கேன் முடியும்வரை நின்றால் போதும் என்பவர்கள் எடுக்கலாம்.

வெள்ளை ஃபெவிக்காலே எங்கள் தேர்வு. இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர். துண்டை எழுதித்தீர்த்த ஏ4 தாளின் மேல் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லியதாகத் தடவ வேண்டும். அடியில் செய்தித்தாள் போட்டால் அதன் மை வண்ணத்தில் ஏறும். ஒவ்வொரு துண்டுக்கும் அடித்தாளை மாற்ற வேண்டும். மாற்றாதபோதுதான் படத்தின் முகத்தில் பசைக்கறை படிகிறது. கறை காய்ந்தபின் பளபளப்பாக நின்று ஸ்கேனில் வெண்திட்டாகத் தெரியும். இட்டதும் பட்டர் பேப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, பக்கம் முடிந்ததும் அதன் மேல் எடை வைத்து இரவு முழுக்க விட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் அட்டை முன்புறமாக வளைந்தால், பின்புறத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் தாளை முழுதாக ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நேராகும்.

ஒட்டாமலே அடுக்கிப் புகைப்படம் எடுக்கும் வழியும் உண்டு. துண்டுகளை அடுத்த பக்கத்துக்கும் பயன்படுத்தலாம், தப்பை நொடியில் மாற்றலாம். ஆனால் சாளரத்தைத் திறந்தால் எல்லாம் பறக்கும். மேலே கண்ணாடி வைத்தால் பிரதிபலிப்பு விழும். வரைவு நிலையில் இது அருமையான வழி: எல்லாத் துண்டையும் வெட்டி அடுக்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்து அடியிலிருந்து மேலாக ஒட்டச் சொல்லுங்கள். எது மேல் எது என்ற குழப்பம் வராது.

வெட்டு, கிழிப்பு, ஒரே காளை

கத்தரி தெளிந்த ஓரம் தரும்; உடல், முகம், கொம்புக்கு அது. கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பச் சொன்னால் வளைவு நன்றாக வரும். கிழித்த ஓரம் மேகம், மலை, மண்மேடு, புகைக்கு. கிழிக்கும்போது ஒரு துண்டுக்கு வெள்ளை ஓரம் விழும், மற்றதற்கு விழாது. கிழிக்கும் திசையை மாற்றினால் அதுவும் மாறும், வேண்டியதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். நார் ஓடும் திசையில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் பல்லுப்பல்லாக வரும். கட்டர் கத்தியை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழ் கொடுக்க வேண்டாம்.

முதன்மைப் பாத்திரத்துக்கு மட்டும் அட்டை அச்சு செய்யுங்கள்: தலை, உடல், கால், வால் தனித்தனியாக, மூன்று அளவில். அந்தப் பாத்திரத்தின் எல்லா உருவங்களுக்கும் இரண்டு தாளை முன்கூட்டியே குவியலிலிருந்து எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். காலையும் தலையையும் திருப்பிவைத்தே நடை, ஓட்டம், படுக்கை எல்லாம் வந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் பிள்ளைகள் மனம்போல வெட்டட்டும். எல்லாவற்றுக்கும் அச்சு கொடுத்தால் புத்தகம் செத்துப்போகும்.

அளவும் அச்சும்

20×20 செ.மீ. பக்கம் என்று வைத்தால் எதிரெதிர் இரட்டைப் பக்கம் 40×20 செ.மீ. சுற்றிலும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 40.6×20.6. இது ஏ3 ஸ்கேனரில் ஒரே தடவையில் அடங்கும். பெரிய அளவு எடுத்தால் இரண்டாக ஸ்கேன் செய்து இணைக்க வேண்டியிருக்கும், இணைப்பு ஏதாவது ஒரு பக்கத்தில் காட்டிக்கொடுக்கும். அடித்தளத்துக்கு 300 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை, ஏ3 அளவு. வண்ணத்தாள் 15 அங்குலம்தான் என்பதால் பின்னணிக்கு இரண்டு தாள் சேரும். அந்தச் சேர்க்கை ஒரு மலைக்கோட்டுக்கோ வேலிக்கோ அடியில் மறையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண், முகம், எழுத்து எதுவும் நடுமடிப்பில் விழக் கூடாது.

உள்ளே 24 பக்கம் என்றால் முதல் பக்கம் தலைப்புக்கு. 2 முதல் 23 வரை பதினொரு இரட்டைப் பக்கங்கள். கடைசிப் பக்கம் பிள்ளைகள் பெயர்களுக்கு. இரட்டைப் பக்கத்துக்கு மூவர் வீதம் 33 பேர், மீதி மூவர் அட்டைப்படத்துக்கு.

அதே அளவில் அச்சிட 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் போதும். போட்டோவாக எடுப்பதானால் இரண்டு பக்கமிருந்தும் சம வெளிச்சம் வேண்டும். ஒரு பக்க வெயிலில் ஒவ்வொரு துண்டும் நிழல் போடும்.

முதல் இரட்டைப் பக்கம் முடிந்ததுமே, மற்ற பத்தையும் ஒட்டுவதற்கு முன், அதை ஸ்கேன் செய்து ஒரு பிரதி அச்சிட்டுப் பாருங்கள். பளீர் ஆரஞ்சும் மயில்கழுத்து நீலமும் நான்கு வண்ண அச்சில் மங்கும். அடர்பழுப்பும் கரிசலும் ஒன்றாகிவிடும். குவியலில் எந்த நிறத்தை வெளிரவைத்துத் திரும்பப் பூச வேண்டும் என்று அந்த ஒரு பிரதி சொல்லிவிடும். அதற்காகத்தான் கூடுதலாக வாங்கிய இரண்டு மூன்று முழுத் தாள்.